கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி: எந்த ஆல்பம், எந்தப் படத்தைத் தட்டா (ரெக்கார்டு, சிடி, டிவிடியா) வாங்கி வைக்கலாம்?

கொருக்குப்பேட்டை கேட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா மைக் செட் வச்சிருந்தவர். காசிமேடு, தண்டையார்பேட்டை, நம்ம கொருக்குப்பேட்டை பக்கம் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாசக் கூழ் எதுவா இருந்தாலும் அவரோட குழாய் ஸ்பீக்கர்தான் கம்பத்துல ஏறும். இப்ப வீட்டைக் காலி பண்ணிட்டு பையன்கூட மாதவரத்துக்குப் போறாரு. போறப்ப ஒரு எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயர், ஒரு டேப் டெக், ஒரு டிவிடி பிளேயர் மூணையும் என்கிட்ட ஒப்படைச்சுட்டாரு. கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய ரெக்கார்டு. பெரும்பாலும் ஈ.பி.ங்கிற சின்ன ரெக்கார்டு, கொஞ்சம் எல்.பி.ங்கிற பெரிய ரெக்கார்டு, அடியில கனமா சில 78-உம் (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய காலத்துத் தட்டு) கிடக்கு. சாமி பாட்டும் கல்யாணப் பாட்டும்தான் அதிகம்.

நான் போன்லயே பாட்டு கேட்டு வளர்ந்தவன். ரெண்டு விஷயம் என்னை இந்தப் பக்கம் திருப்பிடுச்சு. ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு ஒரு ஆப்ல குறிச்சு வச்சிருந்த பழைய படம், உக்காந்து தேடினா காணோம். உரிமம் முடிஞ்சா தூக்கிடுவாங்களாம். அப்புறம், பெரியப்பா ஒரு எல்.பி.யை வச்சுட்டு அந்தப் பக்கம் முழுக்க ஓடி முடியுற வரைக்கும் யாரையும் பேச விடல, நடுவுல பாட்டை மாத்தவும் விடல. அப்படி உக்காந்து கேட்டது எனக்குப் புதுசு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

வீட்ல இடம் கம்மி. பீரோ மேல ஒரு அடுக்குதான் எனக்கு. அதனால எல்லாத்தையும் வாங்கிக் குவிக்க முடியாது, வாங்குறது நல்லதா இருக்கணும். உங்களுக்கு உசுரான ஆல்பம், கொஞ்ச பேர் மட்டும் விடாமப் பிடிச்சிக்கிட்டிருக்கிற படம், எதை நான் தட்டாவே வச்சுக்கணும்? எதுக்காகன்னும் சொல்லுங்க. எங்க தேடணும்? கடல் காத்து, மழைத் தண்ணி ரெண்டும் இருக்கிற ஏரியாவுல இதெல்லாம் தாங்குமா?

தங்கசாலை எழுதியது:

முதல் வேலை, அந்த ஃபியஸ்டாவுல நல்ல ரெக்கார்டு எதையும் இப்ப ஓட்டாதீங்க. முள்ளைத் தாங்குற அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் கனமா அழுத்தும். முள்ளும் தேஞ்சிருந்தா ரெக்கார்டுல பாட்டு பதிஞ்சிருக்கிற வரிப் பள்ளத்தைச் செதுக்கிடும், போனது திரும்பி வராது. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பாருங்க, முள் மாத்திக்கலாம். 78-க்கு வேற முள் வேணும். அதோட வரி அகலம், எல்.பி. முள் அதுக்குள்ள ஆடும். டேப் டெக்கைத் திறந்தா உள்ள பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். துடைச்சிட்டு புது பெல்ட் போட்டா ஓடும்.

சிபாரிசுன்னா எனக்கு வசன ரெக்கார்டுதான். ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எல்லாம் வசனமாவே கேட்டு மனப்பாடம் பண்ண தலைமுறை நாங்க. 1984-ல ‘விதி’ வந்தப்ப கோர்ட் சீன் கேசட் டீக்கடை டீக்கடையா ஓடுச்சு. படத்தைப் பார்க்காதவங்களே அந்த வாதத்தை வரி மாறாமச் சொல்லுவாங்க. உங்க பெரியப்பா பெட்டியில கட்டாயம் ஏதாவது வசனத் தட்டு இருக்கும், தேடிப் பாருங்க.

கல்மண்டபம் கேசட் எழுதியது:

தம்பி, உங்க பெரியப்பா செஞ்சது சரி. அதையே நான் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

நான் தண்டையார்பேட்டை ஹைரோட்டுல ஒரு ரெக்கார்டிங் சென்டர்ல வேலை பார்த்தவன். நோட்டுப் பேப்பர்ல பாட்டு எழுதிக் கொண்டு வருவாங்க, நாங்க 60 நிமிஷக் கேசட்லயோ 90 நிமிஷக் கேசட்லயோ ஏத்திக் குடுப்போம். பேப்பரைப் பார்த்தாலே தெரியும், இவர் சவுதி போறவர், இவன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுக்கிறான், இந்தப் பையனுக்கு ஏதோ மனக்கஷ்டம்னு. அந்த வேலையை நான் ரொம்ப நேசிச்சேன். ஆனா ஒரு விஷயம் உறுத்தும். எல்லாரும் ஒத்தைப் பாட்டாப் பொறுக்குவாங்க. கம்பெனிக் கேசட்டே ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேற படம்னு வரும். ஒருத்தர் உக்காந்து, இதுக்கப்புறம் இதுன்னு யோசிச்சு அடுக்கினதை முழுசாக் கேக்குற பழக்கம் நமக்குப் பெருசா வரவே இல்ல. அதனால நான் தட்டா வாங்கி வைன்னு சொல்றது எல்லாம் ஒரே தகுதியை வச்சுத்தான்: வெட்டி எடுத்தா கெட்டுப்போற வேலையா இருக்கணும். ஒத்தைப் பாட்டு போன்ல இருக்கட்டும், அதுக்கு அது போதும். உன் அடுக்குல முழுசா இருக்கிறது மட்டும் இருக்கட்டும்.

அந்தக் கணக்குல எனக்கு முதல் இடம் இளையராஜாவோட ‘ஹவ் டு நேம் இட்?’. 1986. தியாகராஜருக்கும், பாக் (Bach)ங்கிற ஜெர்மன் இசைமேதைக்கும் காணிக்கையாப் பண்ண ஆல்பம். வி.எஸ். நரசிம்மன் வயலின். கடையில இதை ஓட்டினா, ‘எப்பண்ணே பாட ஆரம்பிப்பாங்க’ன்னு கேப்பாங்க. யாரும் பாட மாட்டாங்க. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’னு ஒண்ணு வரும். அதை ஹெட்போன் இல்லாம, ஸ்பீக்கர் முன்னாடி உக்காந்து கேளு. நமக்குப் பழகின ராகத்துல ஒரு வரி கிளம்பும், அது பாதி தூரம் போறதுக்குள்ள இன்னொரு வரி பின்னாலயே ஏறி வரும், ரெண்டும் மோதாம ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும். இதுல பத்து செகண்டைப் பிச்சு எடுத்து ரிங்டோனா வச்சவங்களை எனக்குத் தெரியும். அழகாத்தான் இருக்கும். ஆனா அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு தெரியாமக் கேக்குறப்ப அதோட பலம் பாதி கூட இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு 1988-ல வந்த ‘நத்திங் பட் விண்ட்’டையும் சேர்த்து வாங்கு. ஹரிபிரசாத் சௌராசியாவோட புல்லாங்குழல். முதல்ல வந்ததுல மூளை வேலை செய்யும். இதுல மூச்சு.

அடுத்தது ‘ஏழாவது மனிதன்’, 1982. இது உனக்குப் படமாவும் வேணும், பாட்டாவும் வேணும். ஹரிஹரன் இயக்கினது, எல். வைத்தியநாதன் இசை, பாட்டு எல்லாம் பாரதியார். ஆலையால ஊர் கெடுறதைப் பத்தின கதை. மணலியும் எண்ணூரும் பக்கத்துல வச்சிக்கிட்டு நாம பார்க்குறப்ப அந்தப் படம் நம்மகிட்ட வேற மாதிரி பேசும். ‘காக்கைச் சிறகினிலே’ யேசுதாஸ் குரல்ல எல்லாரும் கேட்டிருப்போம். ஆனா மொத்தப் பாட்டையும் வரிசையாக் கேட்டாத்தான் வைத்தியநாதன் பாரதியை எவ்வளவு மரியாதையா, அலங்காரம் குறைச்சு எடுத்திருக்காருன்னு புரியும். வார்த்தை மேல வாத்தியம் ஏறி உக்காராது.

சினிமா இல்லாத ஒண்ணு: கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.வி. போட்ட ‘கிருஷ்ண கானம்’. ‘ஆயர்பாடி மாளிகையில்’ எஸ்.பி.பி., ‘புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே’ டி.எம்.எஸ். படம் இல்ல, நடிகர் இல்ல, சீன் இல்ல. வெறும் பாட்டை மட்டும் நம்பி ஒரு தட்டு முழுக்க நிக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாரு. உன் பெரியப்பா பெட்டியிலயே இது இருக்கலாம். கூட நாகூர் ஹனிஃபாவும் இருந்தா தனியா எடுத்து வை, மண்ணடிப் பக்கம் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ எந்த மதத்துப் பாட்டும் கிடையாது, தெருவோட பாட்டு. 78-ல நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகம் இருந்துச்சுன்னா எனக்குச் சொல்லு, நானே வந்து முள் போட்டுத் தரேன். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் இடம். ராத்திரி முழுக்க ஊர்வலத்துல வாசிக்கிற மனுஷன் அந்த மூணு நிமிஷத்துக்குள்ள தோடியை எப்படி நிறுத்தினாருங்கிறது, இன்னிக்கு வாசிக்கிறவங்க உக்காந்து படிக்க வேண்டிய பாடம்.

இனி படம்.

‘அந்த நாள்’, 1954. வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவிஎம் எடுத்தது. ஒரு பாட்டு கிடையாது. பாட்டு இல்லாம தமிழ்ப் படமே இல்லன்னு இருந்த வருஷத்துல இதைச் செஞ்சாங்க. 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்ட அந்த நாள்தான் கதையோட நாள். சிவாஜி செத்துக் கிடக்கிறதுலதான் படமே ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் ஒரு கதை சொல்லுவாங்க. நம்ம துறைமுகத்தையும் கோட்டையையும் குறி வச்ச சண்டையை எங்க தாத்தா காலத்து ஆளுங்க சொல்லிக் கேட்டிருக்கோம், ஊரே வெளியூருக்குக் கிளம்பிப் போச்சாம். அந்தப் பயத்தை வச்சு எடுத்த படம். ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் பாரு.

‘அவள் அப்படித்தான்’, 1978, ருத்ரய்யா. கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூணு பேரும் இருந்தும் கருப்பு வெள்ளை, தீபாவளி ரிலீஸ், பாட்டு மூணே மூணு. ‘உறவுகள் தொடர்கதை’ மட்டும் தனியாக் கேட்டா ஆறுதல் சொல்ற பாட்டு. படத்துல அது வர்ற இடத்தைப் பார்த்துட்டுக் கேட்டா அந்த ஆறுதல் எவ்வளவு நேரம் நிக்கும்னு சந்தேகம் வந்துடும். நான் மேல சொன்ன தகுதிக்கு இதைவிட நல்ல உதாரணம் என்கிட்ட இல்ல.

நம்ம ஏரியாவுக்கு ‘ஆரண்ய காண்டம்’, 2011. தியாகராஜன் குமாரராஜாவோட முதல் படம். ஒரே நாள்ல நடக்குற கதை, பாட்டே கிடையாது, யுவன் பின்னணி இசை. ரெண்டு தேசிய விருது, ஒண்ணு முதல் பட இயக்குநருக்கு, இன்னொண்ணு எடிட்டிங்குக்கு. தியேட்டர்ல சீக்கிரம் எடுத்துட்டாங்க, அப்புறம் தட்டுலயும் பென்டிரைவுலயும் கை மாறி மாறித்தான் இதுக்கு இவ்வளவு ஆளுங்க சேர்ந்தாங்க. ஒரிஜினல் தட்டு கண்ணுல பட்டா விலை பேசாம வாங்கு. ‘சார்பட்டா பரம்பரை’ 2021-ல நேரா ஓடிடிக்கு வந்தப்ப எனக்கு மனசு ஆறல. நம்ம ஊர் குத்துச்சண்டையை, ஊரே கூடி நின்னு பார்த்த சண்டையை, ஆளுக்கொரு ரூம்ல தனியா உக்காந்து பார்த்தோம். 1931-ல வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்னிக்கு ஒரு பிரதி கூட இல்ல. சர்வர்ல மட்டும் இருக்கிற படத்தை நினைச்சா எனக்கு அந்த ஞாபகம்தான் வருது.

கடைசியா வெளிநாட்டுல ஒண்ணே ஒண்ணு. ‘தி ஹார்டர் தே கம்’, 1972, ஜமைக்காப் படம், பெர்ரி ஹென்சல் இயக்கினது. ஜிம்மி கிளிஃப் நடிச்சுப் பாடியிருக்காரு. கிராமத்துல இருந்து கிங்ஸ்டனுக்கு வர்ற பையன், பாட்டு ரெக்கார்டு போடணும்னு அலையுறான். கம்பெனி முதலாளி அவன் பாட்டுக்குக் குடுக்குறது 20 டாலர். மரணக் கானாவும் கல்யாணக் கானாவும் பாடிக்கிட்டிருந்த பசங்க கேசட் போடணும்னு படியேறி இறங்கினதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். அந்த சீன்ல எனக்குக் கண்ணு நிறைஞ்சுடும். பாப் மார்லி முகத்தைச் சுவத்துல வரைஞ்சு வச்சிருக்கிற தெரு நம்ம பக்கம் உண்டு, ஆனா இந்தப் படத்தைப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி. இதோட பாட்டுத் தட்டுல ஜிம்மி கிளிஃப் மட்டும் இல்ல, டூட்ஸ் அண்ட் தி மேடல்ஸ், டெஸ்மண்ட் டெக்கர், மெலோடியன்ஸ் எல்லாரும் இருக்காங்க. ஒரு நகரத்தோட அஞ்சாறு வருஷப் பாட்டை ஒரே தட்டுல அடுக்கியிருக்காங்க. படத்தைப் பார்த்துட்டு ஆல்பத்தை ஓட்டு, ஆல்பத்தைக் கேட்டுட்டுத் திரும்பப் படத்தைப் பாரு.

தேடுற இடத்துக்கு வரேன். பர்மா பஜார் இப்ப முழுக்க போன் சாமான். மோசர் பேர் கம்பெனிக்காரங்க விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு இறக்கினப்ப திருட்டுத் தட்டு விலைக்கே ஒரிஜினல் கிடைச்சது. அப்ப ஜனங்க வாங்கிக் குவிச்சதெல்லாம் இப்ப பழைய பேப்பர் கடைக்கு வருது. எம்.சி. ரோடு பின்பக்கச் சந்துலயும் வியாசர்பாடியிலயும் கடைக்காரங்ககிட்ட சொல்லி வை, எடுத்து வைப்பாங்க. மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சப்பவே ரெக்கார்டு வியாபாரம் சிதறிப் போச்சு. இப்ப பெருசாப் பார்க்கணும்னா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான், காலையிலயே போயிடணும்.

வாங்குறப்ப ரெக்கார்டைச் சாய்ச்சு வெளிச்சத்துல பிடி. வரி பளபளன்னு கருப்பா இல்லாம சாம்பல் அடிச்சிருந்தா உழைச்சு ஓய்ஞ்சது. நடு ஓட்டையைச் சுத்தி லேபிள்ல நிறைய கோடு இழுத்திருந்தா ரொம்பத் தடவை மாட்டிக் கழட்டினது. கேசட்ல நாடாவுக்குப் பின்னால சின்னப் பஞ்சு ஒண்ணு இருக்கும், அது விழுந்திருந்தா சத்தம் ஏறி இறங்கும், வேற கேசட் ஓட்டுல மாத்திக்கலாம். 90 நாடா 60-ஐ விட மெல்லிசு, சிக்கிக்கும், பார்த்து ஓட்டு. சிடியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஊசி ஓட்டையாத் தெரியக்கூடாது. எல்லாரும் அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாப் பார்ப்பாங்க, ஆனா சிடியில அலுமினியப் பூச்சு இருக்கிறது பேர் அச்சடிச்ச மேல் பக்கத்துக்கு அடியில. அங்க கீறினா போச்சு. டிவிடியில அது நடுவுல மூடியிருக்கும், கொஞ்சம் தாங்கும். விசிடியை விட்டுடு, படம் மங்கல்.

தண்ணியைப் பத்திக் கேட்டே. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எங்க தெருவுல நாள்கணக்கா தண்ணி நின்னுச்சு. கீழ் அடுக்குல இருந்த எல்.பி. எல்லாம் சாக்கடைத் தண்ணியில. அட்டை மொத்தமும் கூழாப் போச்சு, ஆனா தட்டு பொழச்சுது. வினைலைத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. லேபிள் நனையாம, டிஸ்டில்டு வாட்டரும் மெத்துன்னு ஒரு துணியும் வச்சு வரி போற வாக்குலயே வட்டமாத் துடைச்சுக் காய வச்சேன், இன்னிக்கும் ஓடுது. கேசட்டைத் திருகு கழட்டி, நாடா காயுற வரைக்கும் ஓட்டாம வச்சேன். 78-ஐ மட்டும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதே, அது அரக்கு, கரைஞ்சுடும். கடல் காத்துக்கு, இறுக்கமா மூடுற டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். ரெக்கார்டை நிக்க வை, படுக்க வச்சு அடுக்கினா வளையும். உன் பீரோ மேல் அடுக்கு சரியான இடம், தகர ஷீட் கூரையா இருந்தா மட்டும் வெயிலுக்குக் கீழ இறக்கிடு.

லோகோ ஒர்க்ஸ் ரோடு எழுதியது:

கல்மண்டபம் அண்ணா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு இடத்துல எனக்கு வேற அபிப்பிராயம்.

விசிடியை விட்டுடுன்னு சொல்லாதீங்க அண்ணா. படம் மங்கல்தான், ஒரு படத்துக்கு ரெண்டு மூணு தட்டு மாத்தணும், எல்லாம் உண்மை. ஆனா சுமாரா ஓடின எண்பதுகள் படம் எத்தனையோ விசிடியில மட்டும்தான் என் கைக்குக் கிடைச்சிருக்கு. நல்ல பிரதி வர்ற வரைக்கும் அதுதான் பிரதி.

இன்னொண்ணு அந்த ‘பொறுக்கின பாட்டு’. எங்க அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரெக்கார்டிங் சென்டர்ல குடுத்து ஏத்தின 90 கேசட் எங்ககிட்ட இருக்கு. பி பக்கம் முழுக்க எல்.ஆர். ஈஸ்வரி. காதல் பாட்டு, கிளப் பாட்டு, கடைசியில ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’. பத்தொன்பது வயசுப் பொண்ணு யோசிச்சு அடுக்கின வரிசை அது, ஒவ்வொரு பாட்டும் அடுத்ததுக்கு வழி விடும். அதுவும் முழுசான வேலைதான். கேட்கிற தம்பி, பழைய பேப்பர் கடையில கையெழுத்துல பாட்டு எழுதின அட்டையோட கேசட் கிடைச்சா விடாதீங்க. கம்பெனி ரெக்கார்டு இன்னொண்ணு எங்கயாவது இருக்கும். இது உலகத்துக்கே ஒண்ணு.

என் சிபாரிசு பெரம்பூர் பக்கத்துது. எங்க அப்பா ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ்ல வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ்ல ஆங்கிலோ இந்தியன் வீடுங்க இருந்துச்சு, ஆஸ்திரேலியா போறப்ப ரெக்கார்டை எல்லாம் எங்ககிட்ட குடுத்துட்டுப் போனாங்க. அதுல அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸோட ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்மஸ்’, 1963. டிசம்பர் வந்தா ராயபுரத்துலயும் பெரம்பூர்லயும் அந்தக் குரல் கேக்காத சந்து இருக்காது அப்போ. அவர் சத்தம் போட்டுப் பாடவே மாட்டார், மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல வந்து சொல்லுவார். எங்க வீட்ல நாங்க இந்து, ஆனா அந்தத் தட்டு ஓடினாத்தான் எங்களுக்கு டிசம்பர்.

அடுத்தது ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959. இதைத் தட்டா வாங்கச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரெக்கார்டு பண்ணப்ப ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. அதனால சரியான வேகத்துல ஓட்டினப்ப முதல் பக்கத்து மூணு பாட்டும் சுருதி தூக்கலா விழுந்துடுச்சு. 1992-ல சரி பண்ணாங்க. அதுவரைக்கும் உலகம் முழுக்க அந்தத் தூக்கலான சுருதியோடதான் அதைக் காதலிச்சிருக்காங்க. பழைய அச்சும் புது சிடியும் ரெண்டும் கிடைச்சா பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாருங்க, காதே கண்டுபிடிச்சுடும்.

அதுக்கப்புறம் ‘சக்தி’, 1976-ல வந்த மேடைக் கச்சேரிப் பதிவு. ஜான் மெக்லாஃப்ளின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். ஒரு பானையை வச்சுக்கிட்டு அவர் மெக்லாஃப்ளினுக்குப் பதில் சொல்ற வேகம்! கூட்டம் கைதட்டுறதும் அந்தப் பதிவுல ஒரு வாத்தியம். படத்துக்கு ஜான் ஆபிரகாமோட ‘அக்கிரகாரத்தில் கழுதை’, 1977. நல்ல பிரதி கிடைக்கிறது கஷ்டம். எங்க திரையிட்டாலும் போய்ப் பாருங்க, தட்டா பார்த்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை கேட் எழுதியது:

இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். ‘கிருஷ்ண கானம்’ இருக்கு அண்ணா! அட்டை ஓரம் கரையான் அரிச்சிருக்கு, தட்டு பளபளன்னுதான் இருக்கு. ‘திருவிளையாடல்’ வசனமும் இருக்கு. எல்.ஆர். ஈஸ்வரி ஈ.பி. நாலு. 78-ல பேர் எல்லாம் அழிஞ்சிருக்கு, நாகஸ்வரம்னு மட்டும் ஒண்ணுல படிக்க முடியுது.

‘தி ஹார்டர் தே கம்’ வெளிநாட்டுல இருந்து ப்ளூ-ரேயா வரவழைக்கலாம்னு பார்க்கிறேன். புது பிளேயர் வாங்கணும். ரீஜன்னு என்னமோ போட்டிருக்கான், அது புரியல.

தங்கசாலை எழுதியது:

ரீஜன்னா, எந்த நாட்டுப் பிளேயர்ல தட்டு ஓடணும்னு கம்பெனி போடுற பூட்டு. டிவிடிக்கு இந்தியா ரீஜன் 5, அமெரிக்கா 1. ஆனா நம்ம ஊர்ல வித்த சாதா டிவிடி பிளேயர் பெரும்பாலும் எல்லாத்தையும் ஓட்டிடும், உங்க பெரியப்பாவோடதும் ஓட்டும்னு நினைக்கிறேன். ப்ளூ-ரேயில கதை வேற. அமெரிக்கா ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, நாம சி. பூட்டுப் போட்ட தட்டுன்னா நம்ம ஊர் பிளேயர் ஓட்டாது. அட்டைக்குப் பின்னாடி உருண்டைப் படத்துக்குள்ள எழுத்து இருக்கும். ஏ, பி, சி மூணும் இருந்தா தைரியமா வாங்கலாம். 4கே தட்டுக்கு இந்தப் பூட்டே கிடையாது, ஆனா பிளேயர் விலை அதிகம்.

இன்னொண்ணு, பாட்டு முக்கியம்னு நினைக்கிறவங்களுக்கு. ஐரோப்பாவுல பால் (PAL)ங்கிற டிவி முறையில போட்ட டிவிடியில 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமா ஓட்டுவாங்க. நூத்துக்கு நாலு வேகம் கூடும், பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிக் கேக்கும். ‘தி ஹார்டர் தே கம்’ மாதிரி பாட்டே உயிரான படத்தை அதுல வாங்காதீங்க. ப்ளூ-ரேயில சினிமாப் படம் பெரும்பாலும் 24-லயே வரும்.

கல்மண்டபம் கேசட் எழுதியது:

பெரம்பூர் தங்கச்சி சொன்ன அந்த அம்மா கேசட் விஷயத்தை நான் ஒத்துக்கிறேன். நான் உறுத்தும்னு சொன்னது பத்துப் பாட்டை எங்கயும் சேராம வாரிப் போட்டதை. யோசிச்சு அடுக்கினவங்களும் வந்தாங்க. வரிசையை மாத்தாம ஏத்துங்கன்னு கவுண்டர்லயே நின்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க. தங்கச்சி, அந்த நாடாவை அடிக்கடி ஓட்டாதே. ஒரு தடவை நல்ல டெக்குல போட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, வருஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு பக்கமும் முழுசா ஓட விட்டு வை, நாடா ஒட்டாது. விசிடி விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்.

தம்பி, அந்த நாகஸ்வரத் தட்டை எதுவும் போட்டுத் துடைக்காதே, காஞ்ச மெத்துன்னு பிரஷ்ல தூசி மட்டும் தட்டு. லேபிளுக்கு ஓரத்துல, வரி முடியுற இடத்துல தட்டுலயே அடிச்ச நம்பர் ஒண்ணு இருக்கும். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா தெரியும். அதைப் படிச்சு இங்க போடு, யார் வாசிச்சதுன்னு கண்டுபிடிக்கலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல நான் சும்மாதான். 78-க்கான மூணு மில் முள் என்கிட்ட இருக்கு, கொருக்குப்பேட்டை கேட்டுகிட்ட வந்துட்டு போன் பண்றேன்.